விற்பனைக்கு வீட்டைத் தயார் செய்வது: முதலில் பத்திரம், அடுத்தது தண்ணீர், கடைசியில்தான் பெயிண்ட்

தமிழ்நாட்டில் ஒரு தனி வீட்டின் விற்பனை விலை பேசும்போது முறிவது குறைவு. அட்வான்ஸ் கைமாறி, பதிவுக்கு நாள் குறித்த பிறகுதான் முறியும். வாங்குபவர் வீட்டுக் கடனுக்குப் போவார். வங்கியின் வழக்கறிஞர் உங்கள் காகிதங்களை வரி வரியாகப் படிப்பார். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் டேப்போடு வந்து அளப்பார், சுவரைத் தட்டிப் பார்ப்பார், மாடிக்கு ஏறுவார். வீடு பார்க்க வரும் குடும்பத்துக்குப் பிடித்த வீட்டை இந்த இருவரும் மறுத்துவிட்டால் மூன்று மாதம் வீண். வாங்கிய அட்வான்ஸையும் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

அதனால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: காகிதம், நீர்க்கசிவு, மற்ற பழுதுகள், பெயிண்ட். பலரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். பெயிண்டருக்குப் பத்து நாள் போதும். பட்டாவில் ஒரு பெயரைத் திருத்த வாரக்கணக்கில் ஆகும், சர்வேயர் நேரில் வந்து அளக்க வேண்டியிருந்தால் மாதங்களும் ஆகலாம்.

எப்போது தொடங்குவது

ஆடியிலும் மார்கழியிலும் பத்திரம் பதியப் பெரும்பாலோர் விரும்புவதில்லை. ஆடிப்பெருக்கு மட்டும் விதிவிலக்கு. ஆவணியிலும் தையிலும் வீடு தேடுகிறவர்கள் கிளம்புவார்கள். ஆவணியைக் குறிவைத்தால் சித்திரையில் காகித வேலையைத் தொடங்கி, வைகாசியில் கொத்தனார் வேலையை முடித்துவிடுங்கள். ஆனி, ஆடியில் பெய்யும் இரண்டு மூன்று மழை உங்கள் மொட்டைமாடி வேலையைச் சோதித்துக் கொடுத்துவிடும். அதன்பிறகு பெயிண்ட்.

தையைக் குறிவைப்பவர்கள் கொத்து வேலையைப் புரட்டாசிக்குள் முடித்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவர் மார்கழியில் பார்வைக்குக் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். சந்தேகம் இருந்தால் ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அந்தச் சுவரில் பெயிண்ட் நிற்காது.

காகிதங்களை வரிசைப்படுத்துதல்

வீட்டில் உள்ள எல்லா ஆவணங்களையும் தேதிப்படி அடுக்குங்கள், பழையது கீழே, புதியது மேலே. ஒவ்வொன்றிலும் நான்கு விஷயங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள்: கொடுத்தவர், வாங்கியவர், சர்வே எண், விஸ்தீரணம். ஒரு பத்திரத்தில் வாங்கியவர்தான் அடுத்த பத்திரத்தில் கொடுப்பவராக இருக்க வேண்டும். இடையில் ஒரு கண்ணி விடுபட்டால், அதாவது அப்பா பெயரில் வாங்கிய மனையை மகன் எந்த ஆவணமும் இல்லாமல் விற்றிருந்தால், வங்கி வழக்கறிஞரின் பேனா அங்கே நிற்கும். வழக்கமாக அவர்கள் 30 வருடத் தொடர்ச்சி கேட்பார்கள்.

அடுத்து, சொத்தின் மேல் பதிவான பரிவர்த்தனைகளைக் காட்டும் வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம், பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தேடும்போது இரண்டு இடங்களில் தவறு நடக்கும். உட்பிரிவு ஆன நிலத்துக்குப் புது எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பழைய எண்ணில் பதிவான பரிவர்த்தனைகள் வராது, இரண்டு எண்ணிலும் தேடுங்கள். உங்கள் பகுதி முன்பு வேறொரு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருந்தால் அந்த அலுவலகத்திலும் அந்தக் காலத்துக்கு எடுங்கள்.

சான்றில் அதிகம் சிக்குவது அடமானம். கடனைக் கட்டி முடித்து வங்கியிடம் பத்திரத்தையும் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். ஆனால் அடமானத்துக்காக உரிமை ஆவணங்களை ஒப்படைத்த பதிவு, கடன் தீர்ந்தது என்று ரசீது ஆவணம் பதியும்வரை வில்லங்கத்தில் உயிரோடுதான் இருக்கும். வங்கியிடம் கடன் முடிந்த கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அவர்கள் அதிகாரி பதிவுக்கு வரும் நாளைக் கேட்டு வைத்து முடித்துவிடுங்கள். முன்பு யாரோடாவது கிரய ஒப்பந்தம் பதிந்து அது நின்றுபோயிருந்தால், அதையும் இரு தரப்பும் கையெழுத்திட்டு ரத்து செய்திருக்க வேண்டும்.

பட்டா உங்கள் பெயரில் இருக்கிறதா என்று அரசின் இணையத்தளத்திலேயே பாருங்கள். நகரப் பகுதி என்றால் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் உள்ள நிலப் பதிவேட்டு நகல் வேண்டும். பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால் பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். முழு சர்வே எண்ணும் உங்களுடையது என்றால் உட்பிரிவு இல்லாத மாறுதல், அது எளிது. ஒரு பகுதி மட்டும் உங்களுடையது என்றால் உட்பிரிவு செய்ய வேண்டும். அதற்குச் சர்வேயர் வந்து அளப்பார்.

இப்போது விஸ்தீரணத்தை ஒப்பிடுங்கள். பத்திரம் சதுர அடியில் இருக்கும், பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. பத்திரத்தில் ஒரு கிரவுண்ட், அதாவது 2400 சதுர அடி என்று இருந்து, பட்டாவில் 2.20 ஏர் என்று இருந்தால் அது 2368 சதுர அடிதான். 32 சதுர அடி குறைகிறது. வாங்குபவர் எது குறைவோ அதற்குத்தான் பணம் தருவார், அது நியாயமும்கூட. நீங்களே டேப் பிடித்து நான்கு பக்கமும் அளந்து, ஒரு மூலைவிட்டத்தையும் அளந்து எழுதி வையுங்கள். மூலைவிட்டம் இல்லாமல் கோணலான மனையின் பரப்பைக் கணக்கிட முடியாது.

அசல் பத்திரம் தொலைந்திருந்தால் அதை மறைத்து அட்வான்ஸ் வாங்காதீர்கள். காவல் நிலையத்தில் புகார், நாளிதழில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, சார்பதிவாளரிடம் சான்றிட்ட நகல் என்ற நான்கும் சேர்ந்தால்தான் வாங்குபவரின் வங்கி பேசவே முன்வரும்.

பரம்பரை வீடு என்றால்

உயில் இல்லாமல் இறந்த இந்து ஒருவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டில் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அவருடைய தாய் உயிரோடு இருந்தால் அந்தத் தாய்க்கும் ஒரு பங்கு உண்டு. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கல்யாணம் ஆகிப் போன அக்கா, தங்கைக்கு நகை போட்டாகிவிட்டது என்பது பத்திரத்தில் செல்லாது. அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும். இதை வீட்டுக்குள் முதலிலேயே பேசி முடியுங்கள். வாங்குபவர் வந்த பிறகு பேசினால் மனவருத்தம் இரட்டிப்பாகும், விலையும் குறையும்.

வாரிசுச் சான்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைக்கும். அதில் உள்ள பெயர்களும் ஆதாரில் உள்ள பெயர்களும், இனிஷியல் உள்பட, ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வாரிசுகளில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்தப் பங்கை விற்க முடியாது, அதற்கும் நாள் ஒதுக்குங்கள். வெளிநாட்டில் இருக்கும் வாரிசு அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவரும் முடிந்தது.

வரைபடமும் கட்டடமும்

அனுமதி வாங்கியது தரைத்தளத்துக்கு, கட்டியது மாடியும் சேர்த்து. தமிழ்நாடு முழுக்க இது சாதாரணம். வங்கி மதிப்பீட்டாளர் பெரும்பாலும் அனுமதி உள்ள பகுதிக்கு மட்டுமே மதிப்புப் போடுவார். அப்போது வாங்குபவருக்குக் கடன் குறையும், மீதியை அவர் கையிலிருந்து போட வேண்டும். விலை பேசும்போதே அனுமதி எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று சொல்லிவிட்டால், அதற்கு ஏற்ற பணவசதி உள்ளவர் மட்டும் அடுத்த பேச்சுக்கு வருவார்.

வீட்டு வரி ரசீது இருப்பதால் கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறது என்று ஆகிவிடாது. ஆனாலும் வரி விதிப்பு உண்மையான பரப்புக்குச் செய்யப்பட்டு, பாக்கி இல்லாமல் இருக்க வேண்டும். குடிநீர், பாதாள சாக்கடைக் கட்டணம், மின் கட்டணம் மூன்றுக்கும் கடைசி ரசீதை எடுத்து வையுங்கள். மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவாக இருந்து, 2016 அக்டோபர் 20 தேதியை வரம்பாக வைத்த திட்டத்தில் வரன்முறை செய்திருந்தால் அந்த ஆணையின் நகலைக் கோப்பின் மேலேயே வையுங்கள். அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

தண்ணீர் எங்கே போகிறது

வீட்டில் தெரியும் குறைகளில் பாதிக்கு மேல் தண்ணீரால் வருபவை. உப்புப் பூத்த சுவர், கருத்த மூலை, ஊதிய பெயிண்ட், இறுகிய கதவு எல்லாம் ஒரே நோயின் அடையாளங்கள். வரும் வழியை அடைக்காமல் மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் ஆறு வாரத்தில் பழையபடி வெளியே வரும், அதுவும் சரியாக மதிப்பீட்டாளர் வரும் வாரத்தில்.

மொட்டைமாடியிலிருந்து தொடங்குங்கள். கான்கிரீட் தளமாக இருந்தால் மழைநீர் வாய்களைத் துணிப் பந்தால் அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். கீழே ஈரம் தெரியும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுத் தேதி போடுங்கள். மரக்கட்டையும் செங்கலும் வைத்த பழைய மெட்ராஸ் டெரஸ் தளத்தில் இதைச் செய்யாதீர்கள். இரண்டு அங்குலத் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை. உளுத்த கட்டை அதைத் தாங்காது. அங்கே குழாயால் பீய்ச்சிப் பார்த்தால் போதும்.

கசிவு பெரும்பாலும் தளத்தின் நடுவில் இருக்காது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலும், மழைநீர்க் குழாய் தளத்தைத் துளைக்கும் இடத்திலும், தட்டோட்டு இணைப்புகளிலும்தான் இருக்கும். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். விரிசலை வி வடிவத்தில் வெட்டி விரிவாக்கி, தூசி போக்கி, கிராக் ஃபில்லரால் நிரப்புங்கள். மூலைகளில் கலவையை உருட்டிவிட்டு, அதன்மேல் ஃபைபர் வலை வைத்து நீர்த்தடுப்புப் பூச்சு பூசுங்கள். பூச்சு கைப்பிடிச் சுவரில் ஓரடி உயரம் ஏற வேண்டும். முதல் கோட் ஒரு திசையில், இரண்டாவது குறுக்குத் திசையில். கத்திரி வெயிலில் காலை பத்து மணிக்கு மேல் பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து, அடியில் ஈரம் சிக்கிக் கொப்புளம் கிளம்பும். காலையில் சீக்கிரம் அல்லது நான்கு மணிக்கு மேல் செய்யச் சொல்லுங்கள்.

பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவர் ஈரமாக இருந்தால், டைல்ஸை உடைக்கும் முன் இதைச் செய்யுங்கள். இரவு எல்லாக் குழாயையும் மூடி மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் தண்ணீர் வரும் குழாயில் கசிவு, அல்லது ஃப்ளஷ் டேங்க் வால்வில். ஃப்ளஷ் டேங்கில் சில துளி சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். கழிப்பறைப் பேசினில் நீலம் இறங்கியிருந்தால் வால்வு வாஷரை மாற்றினால் வேலை முடிந்தது. மட்டம் இறங்கவே இல்லை என்றால் கசிவு கழிவுநீர்ப் பக்கம். தரைத் துவாரத்தை அடைத்து ஓரங்குலத் தண்ணீர் ஒரு நாள் நிறுத்துங்கள். குறைந்தால் டைல்ஸ் இணைப்பிலும் துவாரத்தைச் சுற்றியும் பழைய கிரவுட்டைச் சுரண்டி, எபாக்சி கிரவுட் போடுவதே முதல் வைத்தியம். இது பலன் தராதபோதுதான் உடைப்பது.

தரையிலிருந்து ஓதம் ஏறும் சுவரில், ஈரம் தெரியும் எல்லைக்கு மேலும் ஓரடி வரை பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுங்கள். இணைப்புகளைச் சுரண்டி, சில வாரம் காற்றாட விடுங்கள். பிறகு ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல், மூட்டைக்கு டப்பாவில் சொன்ன அளவு நீர்த்தடுப்புத் திரவம் (பல தயாரிப்புகளில் 200 மில்லி) கலந்து பூசுங்கள். வெளியே சுவரையொட்டி மண் உயர்ந்து கிடந்தால் அதையும் இறக்குங்கள். அதை விட்டுவிட்டு உள்ளே எவ்வளவு பூசினாலும் ஓதம் ஏறும்.

விரிசல், துரு, கரையான்

முடி போன்ற விரிசல் பூச்சில் மட்டும் இருக்கும், பயம் இல்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது, சுவரின் இரு பக்கமும் தெரிவது, விரல் நகம் நுழையும் அளவு அகன்றது ஆகியவற்றைக் கட்டடப் பொறியாளரிடம் காட்டி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அந்த ஒரு தாள் வாங்குபவரின் பயத்தைப் பாதியாகக் குறைக்கும்.

சன்ஷேட் அடியிலும் பாத்ரூம் கூரையிலும் கம்பி துருப்பிடித்து கான்கிரீட் பெயர்ந்திருந்தால், தளர்ந்ததைக் கம்பியின் பின்பக்கம் தெரியும்வரை கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் மூட வேண்டும். வெறும் சிமெண்ட் வைத்து அப்பினால் உள்ளே துரு வீங்கி மீண்டும் தள்ளிவிடும். மரச்சட்டத்தில் கரையான் புற்றுக் கோடு இருந்தால் துடைத்து மறைக்காமல், துளையிட்டு மருந்து ஏற்றி அந்த ரசீதை வைத்திருங்கள்.

வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத, உங்களுக்குத் தெரிந்த முக்கியக் குறையைச் சொல்ல வேண்டியது விற்பவரின் கடமை. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டமே அப்படிச் சொல்கிறது. சரிசெய்த குறையை ரசீதோடு சொன்னால் அது பலமாகிவிடும்.

கழிவுநீர்த் தொட்டி நிறைந்திருந்தால் உரிமம் பெற்ற லாரியை வைத்து உறிஞ்சி எடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்க விடாதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், விஷவாயு ஒரு நிமிடத்தில் உயிரை எடுத்துவிடும்.

பெயிண்டும் சின்ன வேலைகளும்

அளவை நீங்களே கணக்கிடுங்கள். 10க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் சுற்றளவு 44 அடி, சுவர் 440 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 40 கழித்தால் 400. கூரை 120. மொத்தம் 520. இதை டப்பாவில் இரண்டு கோட்டுக்குப் போட்டிருக்கும் பரப்பால் வகுத்தால் லிட்டர் வரும். புதிதாகப் பூசிய இடத்தில் நான்கு வாரமாவது கழித்துத்தான் பிரைமர். நிறம் வெளிர் வெள்ளை அல்லது இளம் சந்தனம். உங்களுக்குப் பிடித்த பச்சை வாங்குபவருக்குச் செலவாகத்தான் தெரியும்.

மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், புது டைல்ஸ் வேண்டாம். போட்ட பணம் திரும்பாது. அந்தப் பணத்தில் ஒழுகும் குழாய், ஆடும் சுவிட்ச், எரியாத பல்பு, கிறீச்சிடும் கீல், சேராத தாழ்ப்பாள், கிழிந்த கொசுவலை, துருப்பிடித்த கேட் எல்லாவற்றையும் சரிசெய்யலாம். மின் பெட்டியில் உள்ள, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். வாஸ்துவுக்காகச் சுவரை இடிப்பதை வாங்குபவரிடமே விட்டுவிடுங்கள், ஒவ்வொருவர் ஜோசியரும் ஒவ்வொன்று சொல்வார்.

காட்டுவதற்கு முன் பரணைக் காலி செய்யுங்கள். சுவரையொட்டிய பீரோவை அரை அடி நகர்த்தி, பின்னால் இருப்பதை முதலில் நீங்கள் பாருங்கள். வாடகைக்குக் குடியிருப்பவர் இருந்தால் எப்போது காலி செய்வார், அட்வான்ஸ் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதை எழுத்தில் முடித்துவிடுங்கள்.

வந்தவர் கையில் கொடுக்க ஒரு பக்கத் தாள் தயார் செய்யுங்கள்: மனை அளவு, கட்டடப் பரப்பு தளவாரியாக, அனுமதி எண், கட்டிய வருடம், எந்தத் திசை பார்த்த வாசல், தெரு அகலம், போர்வெல் ஆழம், மோட்டார் குதிரைத்திறன், சம்ப் கொள்ளளவு, ஒரு முனையா மும்முனையா மின் இணைப்பு. தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்துள்ள உப்புகளின் அளவையும் எழுதுங்கள். இந்தியத் தர அளவில் குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. கோடையில் போர்வெல் எப்படி என்று கட்டாயம் கேட்பார்கள், உள்ளதைச் சொல்லுங்கள்.

பணமும் பதிவும்

அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறைத் தளத்தில் பாருங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 சதவீதம். வழக்கமாக இரண்டும் வாங்குபவர் செலவு. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துத்தான் தருவார், அதை உங்கள் பான் கணக்கில் சரிபாருங்கள். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் மிக அதிகம்; குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமானவரித் துறையிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். அட்வான்ஸாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். வீட்டைப் பெரிதாக்கியதற்கான பழைய பில்கள் மூலதன ஆதாய வரிக் கணக்கில் உதவும், கிழித்துப் போடாதீர்கள்.

யாருக்கும் அசலைக் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காக ‘பார்வைக்கு மட்டும்’ என்று எழுதி, யாரிடம் கொடுக்கிறீர்களோ அவர் பெயரும் தேதியும் போடுங்கள். பதிவு நாளில் மீதிப் பணம் கணக்கில் ஏறிய பிறகு அசல் ஆவணங்களைப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். சாவி கொடுக்கும்போது மின் மீட்டர் ரீடிங்கை இரு தரப்பும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.